லாக்டேட் 25 என்று வந்திருக்கிறது, அம்மா பிழைப்பாரா?

ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 63 வயது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு, மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டுவந்தார். சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை ஏறி, செப்சிஸாக (தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையே உறுப்புகளைப் பழுதாக்கும் நிலை) மாறி, ஐந்து நாட்களாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். வென்டிலேட்டர் பொருத்தியிருக்கிறார்கள். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க நார்அட்ரினலின் போகிறது. மூன்றாம் நாள் அதனுடன் அட்ரினலினும் சேர்க்கப்பட்டு, நான்காம் நாள் காலையில் நிறுத்தப்பட்டது.

வாசகி ஒரு நோட்டில் ரத்தத்தில் உள்ள லாக்டேட் (உடல் சர்க்கரையை உடைக்கும்போது உண்டாகும் பொருள்) அளவை வரிசையாகக் குறித்துவந்திருக்கிறார். சேர்த்தபோது 5.8, ஆறு மணி நேரம் கழித்து 4.6, மறுநாள் 3.1, மூன்றாம் நாள் 3.4, நான்காம் நாள் 2.6. ஐந்தாம் நாள் வந்த தாளில் 25 என்று இருந்தது. "அதைப் பார்த்ததும் என் கால்கள் நிற்கவில்லை" என்று எழுதியிருக்கிறார். அன்று மாலையே பணியில் இருந்த மருத்துவர், "எதுவரை போகலாம் என்று குடும்பத்தில் பேசி வையுங்கள்" என்றாராம். ரத்தத்தில் உள்ள வளர்சிதை மாற்றப் பொருள்களை அளந்து, நோயாளி பிழைப்பாரா என்று 90 சதவீதம் துல்லியமாகச் சொல்லும் புதிய பரிசோதனை இருப்பதாக அண்ணன் தொலைபேசியில் சொல்கிறார். கார்னிடினும் வைட்டமின் சியும் ஏற்றச் சொல்லி அவர் வற்புறுத்துகிறார். சர்க்கரையை 165 இல் விட்டுவைத்திருப்பது அலட்சியம் என்றும் கோபப்படுகிறார். அந்தப் பரிசோதனையைத் தேடிப் போவதா, சிகிச்சையைத் தொடர்வதா என்பது வாசகியின் கேள்வி. கடைசி வரியில் இன்னொன்றும் இருக்கிறது: "இரண்டு நாள் காய்ச்சலை வீட்டிலேயே வைத்துப் பார்த்தேன். அதனால்தான் இப்படி ஆனதா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அம்மாவை நான் பரிசோதிக்கவில்லை. கட்டிலருகில் நிற்கும் மருத்துவருக்குத் தெரிவதில் ஒரு பகுதிதான் உங்கள் கடிதத்தின் வழியே எனக்குத் தெரிகிறது. அந்த எல்லைக்குள் நின்றுதான் எழுதுகிறேன். ஆனாலும் முதலில் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. இதைப் படிக்கும் வரை நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள் என்பதால் அதையே முன்னால் வைக்கிறேன்.

அந்த 25

நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களின் படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் நான்கு நாட்களின் அளவுகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இருக்கும் ரத்த வாயுப் பரிசோதனைக் கருவியிலிருந்து வந்தவை. எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் மில்லிமோல்/லிட்டர் என்று இருக்கிறது. ஐந்தாம் நாள் தாள் பொது ஆய்வகத்திலிருந்து வந்தது. அங்கே 25க்குப் பக்கத்தில் மில்லிகிராம்/டெசிலிட்டர் என்று இருக்கிறது. அளவுகோலே வேறு. லிட்டருக்கு ஒரு மில்லிமோல் லாக்டேட் என்பது டெசிலிட்டருக்கு ஏறக்குறைய ஒன்பது மில்லிகிராமுக்குச் சமம். 25ஐ ஒன்பதால் வகுத்தால் 2.8 வரும். முந்தைய நாள் 2.6. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சிறு வித்தியாசத்தையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கருவி மாறினாலே கொஞ்சம் மாறும். ரத்தம் எடுத்த பிறகு ஆய்வகத்துக்குப் போகத் தாமதமானால், குழாய்க்குள் இருக்கும் ரத்த அணுக்கள் சர்க்கரையை எரித்து லாக்டேட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்புவார்கள். நாளைக் காலை மருத்துவரிடம் இரண்டு தாள்களையும் காட்டி, "இந்த 25, 2.8 தானே?" என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். தாளைக் கையில் கொடுத்தவர்கள் அப்போதே இதை உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும். நீங்கள் ஓர் இரவு முழுவதும் பட்ட வேதனைக்குத் தேவையே இருந்திருக்காது.

லாக்டேட் எதைச் சொல்கிறது

லாக்டேட்டை நீங்கள் விஷம் போல நினைத்திருக்கிறீர்கள். இணையத்தில் அப்படி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். ஆரோக்கியமான உடலும் நாள் முழுவதும் லாக்டேட்டை உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. இதயமும் மூளையும் அதை எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன. உற்பத்தியும் கல்லீரல், சிறுநீரகத்தின் அகற்றும் வேகமும் சமமாக இருக்கும் வரை ரத்தத்தில் அளவு 2 மில்லிமோலுக்குக் கீழேயே நிற்கும். செப்சிஸில் இந்தச் சமநிலை பல வழிகளில் குலைகிறது. திசுக்களுக்குப் போதிய ரத்தம் போகாமல் ஆக்சிஜன் குறைந்தால் லாக்டேட் ஏறும். ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும், உடல் அவசர நிலையில் அட்ரினலினைச் சுரந்து சர்க்கரையை வேகமாக உடைக்கும்போதும் ஏறும். கல்லீரல் சோர்ந்தால் அகற்றுவது குறைந்து ஏறும்.

உங்கள் நோட்டில் மூன்றாம் நாள் 3.1 இலிருந்து 3.4க்கு ஏறியிருப்பதைச் சுற்றி வட்டம் போட்டு, "ஏன்?" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. அதே பக்கத்தில் இரண்டு வரி மேலே நீங்களே பதிலையும் எழுதியிருக்கிறீர்கள்: அன்றுதான் அட்ரினலின் தொடங்கப்பட்டது. ஊசியாகப் போகும் அட்ரினலினும் தசையில் சர்க்கரை உடைவதை வேகப்படுத்தி லாக்டேட்டை ஏற்றும். அதை நிறுத்திய நாளில் 2.6க்கு இறங்கியிருக்கிறது. இது மட்டும்தான் காரணம் என்று நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் மருந்தின் நிழலை நோயின் முகம் என்று நினைத்துப் பயப்படக்கூடாது. மெட்ஃபார்மினுக்கும் இதில் பங்கு இருக்கலாம். சிறுநீரகம் பழுதுபட்டால் அந்த மருந்து உடலில் தேங்கி லாக்டேட்டை உயர்த்தும். அம்மா கடைசியாக எப்போது அந்த மாத்திரையைச் சாப்பிட்டார் என்பது மருத்துவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள், தெரியாவிட்டால் சொல்லிவிடுங்கள்.

லாக்டேட்டில் நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் திசையை. 5.8 ஆறு மணி நேரத்தில் 4.6 ஆனது ஏறக்குறைய 20 சதவீத இறக்கம். 2010 இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சையின் முதல் சில மணி நேரங்களில் லாக்டேட் குறைந்தது 10 சதவீதமாவது இறங்க வேண்டும் என்பதையே இலக்காக வைத்தார்கள். உங்கள் அம்மாவின் தொடக்கம் மோசம். ஆனால் அவர் உடல் திரவத்துக்கும் மருந்துக்கும் பதில் சொல்லியிருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். 2019 இல் ஆண்ட்ரோமெடா ஷாக் என்ற ஆய்வு வெளியானது. செப்டிக் ஷாக் (செப்சிஸால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரிவது) வந்த 424 நோயாளிகளில் ஒரு பாதிக்கு லாக்டேட்டைப் பார்த்துச் சிகிச்சையை நகர்த்தினார்கள். மறுபாதிக்குக் கண்ணாடித் தகடு ஒன்றை வலது ஆட்காட்டி விரல் நுனியில் வெளுக்கும்படி பத்து விநாடி அழுத்தி, விட்டதும் நிறம் எத்தனை விநாடியில் திரும்புகிறது என்று எண்ணினார்கள். மூன்று விநாடிக்குள் திரும்ப வேண்டும். விரலை அழுத்திப் பார்த்த குழுவில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 34.9 சதவீதம். லாக்டேட்டைப் பின்தொடர்ந்த குழுவில் 43.4 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இந்த இடைவெளி உறுதியானதாக நிற்கவில்லை. ஆனால் விரல் நுனியைப் பார்த்துச் சிகிச்சை கொடுத்தவர்கள், ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக் கொடுத்தவர்களைவிட மோசமாகச் செய்யவில்லை. அம்மாவின் விரலை யாராவது அழுத்திப் பார்ப்பதைக் கண்டால், அது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள்.

40 சதவீதம் என்பது யாருடைய கணக்கு

"லாக்டேட் 2க்கு மேல் போனால் 40 சதவீதம் பேர் இறந்துவிடுவார்கள்" என்று படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். இது பாதி உண்மை. 2016 இல் வகுக்கப்பட்ட வரையறையில், போதிய திரவம் கொடுத்த பிறகும் சராசரி ரத்த அழுத்தத்தை 65இல் நிறுத்த மருந்து தேவைப்பட்டு, கூடவே லாக்டேட்டும் 2ஐத் தாண்டினால் அது செப்டிக் ஷாக். இரண்டும் சேர்ந்தவர்களில்தான் மருத்துவமனை மரணம் 40 சதவீதத்தைத் தாண்டியது. உங்கள் அம்மா அந்தக் குழுவில் இருந்தவர்தான், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அந்தக் குழுவிலேயே பாதிக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள் என்பதும் அதே எண்ணுக்குள்தான் இருக்கிறது. மேலும் அது அந்தக் குழுவில் இருந்த எல்லோரையும் சேர்த்துப் போட்ட கணக்கு. ஐந்தாம் நாளைத் தொட்டு, லாக்டேட் பாதியாக இறங்கிய ஒரு பெண்ணுக்கு மட்டுமான கணக்கு அதில் இல்லை.

அண்ணன் சொல்லும் புதிய பரிசோதனை

உங்கள் அண்ணன் கற்பனையாகச் சொல்லவில்லை. இந்தத் துறையில் அழகான ஆராய்ச்சி நடக்கிறது, நானும் ஆர்வத்தோடு படித்துவருகிறேன். நிறை நிறமாலைமானி என்ற கருவியால் ஒரு துளி ரத்தத்தில் நூற்றுக்கணக்கான வளர்சிதை மாற்றப் பொருள்களை ஒரே நேரத்தில் அளக்க முடிகிறது. 2013 இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், செப்சிஸில் பிழைத்தவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் கொழுப்பு அமிலங்களும் கார்னிடின் சேர்மங்களும் வேறுபட்டிருப்பது தெரிந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். நீளமான கொழுப்பு அமிலம் செல்லின் அடுப்பாகிய மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போவதற்குக் கார்னிடின்தான் வண்டி. அடுப்பு எரியாவிட்டால் வண்டிகள் சரக்கோடு வாசலில் தேங்கி, ரத்தத்துக்கு வழிந்துவிடும். அதேபோல, அழற்சி மிகும்போது டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் கைனுரெனினாக மாறுவது கூடுகிறது. அந்த விகிதம் உயர்ந்தவர்கள் அதிகமாகத் துன்பப்பட்டதையும் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்டிஎல் செப்சிஸில் சரிவதும், மிகவும் சரிந்தவர்களின் நிலை மோசமாவதும் தெரிந்த விஷயம்.

ஆனால் இதை உங்கள் அம்மாவின் கட்டிலுக்குக் கொண்டுவர முயன்றால் மூன்று இடங்களில் சிக்கும். முதலாவது, சிறுநீரகம் பழுதானாலே இந்தப் பொருள்களில் பல ரத்தத்தில் தேங்கும். அப்போது அந்த எண் செப்சிஸின் போக்கைச் சொல்கிறதா, சிறுநீரகம் சோர்ந்ததைச் சொல்கிறதா என்று பிரிப்பது கடினம். மயக்கத்துக்குக் கொடுக்கும் புரொப்போஃபால் கொழுப்புக் கரைசலில்தான் வருகிறது. குழாய் வழி உணவு, டயாலிசிஸ் எல்லாமே அளவுகளை மாற்றும். இரண்டாவது, நூறு நோயாளிகளிடம் ஆயிரம் பொருள்களை அளந்தால், அவர்களுக்கு மட்டும் கச்சிதமாகப் பொருந்தும் ஒரு கூட்டணியை எப்போதும் கண்டுபிடித்துவிடலாம். வேறொரு மருத்துவமனையின் நோயாளிகளிடம் போனதும் அது மங்கிவிடும். மூன்றாவது, அந்த "90 சதவீதம்". இப்படிப்பட்ட எண் பெரும்பாலும் வேறொன்றைக் குறிக்கிறது. பிழைத்த ஒருவரையும் இறந்த ஒருவரையும் இணையாக எடுத்தால், நூறில் தொண்ணூறு இணைகளில் இறந்தவருக்கு அதிக ஆபத்து மதிப்பெண் கிடைத்தது என்பதுதான் அதன் பொருள். உங்கள் அம்மாவுக்கு என்ன ஆகும் என்பதை அது 90 சதவீதம் உறுதியாகச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தப் பரிசோதனைகள் இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் அன்றாட வேலையில் இல்லை. இதற்காக ரத்தத்தை வெளியே அனுப்பி அலைய வேண்டாம். முடிவு எப்படி வந்தாலும் அம்மாவுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கோ திரவமோ மாறப்போவதில்லை. சிகிச்சையை மாற்றாத ஓர் எண் வீட்டில் உள்ளவர்களின் தூக்கத்தை மட்டுமே மாற்றும்.

குறைந்த பொருளை ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம் இயல்பானது. மருத்துவர்களும் அப்படி நினைத்துச் சோதித்தார்கள். செப்டிக் ஷாக்கில் லெவோகார்னிடின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018 இல் வந்தது. உறுப்புகளின் பாதிப்பு அதனால் குறையவில்லை. வைட்டமின் சி பற்றிய லோவிட் ஆய்வு 2022 இல் வந்தது. வைட்டமின் பெற்றவர்களில் 44.5 சதவீதமும், பெறாதவர்களில் 38.5 சதவீதமும் 28ஆம் நாளில் இறந்தோ உறுப்புச் செயலிழப்போடோ இருந்தார்கள். அதாவது, வைட்டமின் பெற்றவர்களுக்கே மோசமானது. அண்ணனிடம் இந்த இரண்டு எண்களைச் சொல்லுங்கள். அவர் தங்கை மீதும் அம்மா மீதும் உள்ள அன்பால்தான் கத்துகிறார், எண்களைக் கேட்பார்.

சர்க்கரை விஷயத்திலும் அவரைச் சமாதானப்படுத்துங்கள். தீவிர சிகிச்சையில் சர்க்கரையை 81க்கும் 108க்கும் இடையில் இறுக்கிப் பிடிப்பது நல்லதா என்று நைஸ் சுகர் ஆய்வு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதித்தது. 2009 இல் முடிவு வந்தது. இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதம் பேர் 90 நாட்களுக்குள் இறந்தார்கள். 180 வரை விட்டவர்களில் 24.9 சதவீதம். வீட்டில் இருக்கும்போது காலையில் 165 என்றால் நாமும் கவலைப்படுவோம். அங்கே 165 என்பது கவனமாகத் தேர்ந்தெடுத்த இடம்.

எதுவரை போகலாம் என்ற கேள்வி

அந்த மருத்துவர் மாலையில் சொன்ன வாக்கியத்தை நீங்கள் 25 என்ற எண்ணோடு சேர்த்துக் கட்டிவிட்டீர்கள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதே தெரியாது. கடுமையான நோயாளி ஒவ்வொருவரின் குடும்பத்திடமும் இந்தப் பேச்சைத் தொடங்குவது நல்ல மருத்துவத்தின் ஒரு பகுதி. ஆனால் நடைபாதையில் நின்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகும் பேச்சு இது இல்லை. உட்கார்ந்து பேச நேரம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அறிக்கைகளின் நகல் கேட்கலாம். இன்னொரு தீவிர சிகிச்சை மருத்துவரின் கருத்தும் கேட்கலாம். அதற்கு அம்மாவை இடம் மாற்றத் தேவையில்லை. வென்டிலேட்டரோடும் ரத்த அழுத்த மருந்தோடும் இருக்கும் ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்குத் தனி ஆபத்து உண்டு. தாள்களைக் காட்டியே கேளுங்கள்.

உட்காரும்போது "பிழைப்பாரா, எத்தனை சதவீதம்?" என்று கேட்காதீர்கள். அதற்கு நேர்மையான பதில் யாரிடமும் இல்லை. இவற்றைக் கேளுங்கள்:

தொற்றின் ஊற்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார்களா? சிறுநீர்ப் பாதையில் கல்லோ அடைப்போ இருந்து சீழ் தேங்கியிருந்தால், அதை வடிக்காமல் எந்த ஆன்டிபயாடிக்கும் முழுதாக வேலை செய்யாது. ஸ்கேன் எடுத்தார்களா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. நான் கேட்கச் சொல்லும் கேள்விகளிலேயே இதுதான் முதன்மையானது.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டதா, இப்போது போகும் மருந்து அந்தக் கிருமிக்குக் கேட்கிறதா?

உறுப்புகள் ஒவ்வொன்றும் நேற்றைவிட எப்படி இருக்கின்றன? சோஃபா என்ற மதிப்பெண் முறையில் ஆறு பார்க்கிறார்கள்: மூச்சு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், கல்லீரலைக் காட்டும் பிலிருபின், ரத்த அழுத்தம், நினைவு, சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் அல்லது சிறுநீர் அளவு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை.

அடுத்த 48 மணி நேரத்தில் என்ன நடந்தால் முன்னேற்றம் என்பீர்கள், என்ன நடந்தால் கவலைப்படுவீர்கள்?

இந்தக் கடைசிக் கேள்வி எல்லோருக்கும் உதவும். ஒரு கால எல்லை வைத்து முழுமூச்சாகச் சிகிச்சை கொடுத்து, அந்த நாளில் மீண்டும் உட்கார்ந்து பேசுவது என்று முடிவுசெய்யலாம். அப்போது உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டிருந்தால், அம்மா தன் வாழ்க்கையில் எதைப் பெரிதாக நினைத்தவர், எதைத் தாங்க விரும்பாதவர் என்பதைப் பேசுவதில் துரோகம் ஏதும் இல்லை. அந்தப் பேச்சை ஒற்றை ரத்த எண்ணின் மேல் நிறுத்தாதீர்கள் என்பதுதான் என் கவலை. எண் மோசம் என்று சிகிச்சையைக் குறைத்தால் நோயாளி இறந்துபோவார். பிறகு எண் சரியாகத்தான் சொன்னது என்று எல்லோரும் நம்புவார்கள். என் துறையில் உள்ளவர்கள் மிகவும் அஞ்ச வேண்டிய வலை இது.

உங்கள் நோட்டில் நீங்கள் அழுத்திக் குறிக்காத இரண்டு வரிகள் என் கண்ணில் பட்டன. நார்அட்ரினலின் பம்ப் மணிக்கு 12 மில்லியில் இருந்தது இப்போது 5. மருந்தின் அடர்த்தியை மாற்றியிருந்தால் இந்த ஒப்பீடு செல்லாது, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர்ப் பை இரண்டாம் நாள் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. நேற்று மணிக்கு 40 மில்லி வந்திருக்கிறது. இவை நல்ல செய்திகளாகத்தான் தெரிகின்றன. தட்டணுக்கள் 90,000க்கு இறங்கியிருப்பதும், வென்டிலேட்டரை இன்னும் குறைக்க முடியாமல் இருப்பதும் கவலை தருகின்றன. கரை ஏறிவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். கைவிடும் கட்டம் என்பதற்கு உங்கள் கடிதத்தில் எந்த ஆதாரமும் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த இரண்டு நாட்கள்

செப்சிஸில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மதிப்பு உண்டு. ஷாக் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் என்பது வழிகாட்டுதல். அதனால் தாமதம் ஒன்றுமே செய்யவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் இரண்டு நாட்களில் உங்கள் அம்மா நடந்தார், பேசினார், காய்ச்சல் மாத்திரைக்கு இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையில் அது சாதாரணச் சிறுநீர்த் தொற்று போலத்தான் இருந்திருக்கும். மூன்றாம் நாள் அதிகாலையில் அவர் உங்களை வேறு பெயர் சொல்லி அழைத்தார், நீங்கள் உடனே வண்டி ஏற்றினீர்கள். திடீர்க் குழப்பம் செப்சிஸின் முக்கியமான அறிகுறி. பல குடும்பங்கள் அதைத் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடும். நீங்கள் விடவில்லை.

மயக்க மருந்தைக் குறைக்கத் தொடங்கியிருப்பதாகக் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. விழிக்கும்போது அவருக்குக் குழப்பம் வரலாம், கையில் உள்ள குழாயைப் பிடுங்கப் பார்க்கலாம். அது தீவிர சிகிச்சையில் அடிக்கடி நடப்பது, பெரும்பாலும் தெளியும். அம்மாவின் மூக்குக் கண்ணாடி உங்கள் கைப்பையிலேயே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு அதைச் செவிலியரிடம் கொடுத்து, கண் திறந்ததும் போட்டுவிடச் சொல்லுங்கள். முகங்கள் தெளிவாகத் தெரிந்தால் பயம் குறையும். பார்வை நேரத்தில் அருகில் நின்று, இன்று என்ன கிழமை, நீங்கள் யார், அவர் எங்கே இருக்கிறார் என்று மெதுவாகச் சொல்லுங்கள்.